கடலைக்காரர் தட்டில் விழுந்த பந்து

சனிக்கிழமை, மாலை நான்கு மணி. லெஸ்டர் பாக் தன் புத்தகக் கடையின் பின்னறைக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்தார். காலி. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். அப்போதும் காலிதான்.

காலையில் அங்கே தட்டச்சு செய்த தாள்கள் ஒரு கட்டாக இருந்தன. பேஸ்பால் புத்தகங்களைத் தவிர வேறெதையும் விற்க மாட்டேன் என்று பிடிவாதமாகக் கடை நடத்துகிற மனிதர், ஊர் ஊராக அலைந்து பழைய ஆட்டக்காரர்களைப் பேசவைத்து, ஒன்பது வருஷமாக எழுதிய புத்தகம் அது. நகல் கிடையாது. திங்கட்கிழமை ரயிலில் சிகாகோ பதிப்பாளரின் ஆள் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு.

ஐந்து மணிக்குள் ஷெரிஃப் ராய் ஹாம்லின் ஆளைப் பிடித்துவிட்டார். பிடிபட்டது ஆர்வில் ஓஸ்ட்ரம். கடைக்கு மேல்மாடியில் இருந்த வானொலி நிலையத்தின் தந்திக்காரர். ஹெட்டியின் கணவர்.

ஹெட்டிக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. வெளியூர் ஆட்டங்களுக்கு அறிவிப்பாளரை அனுப்ப நிலையத்திடம் காசு ஏது? ஊர் அணியான வெல்லர்ஸ்பர்க் எங்கோ தொலைவில் ஆடும். அங்கிருந்து தந்தியில் சுருக்கமாகச் செய்தி வரும். ஆர்வில் அதைக் காகிதத்தில் எழுதி நீட்டுவார். கிளெம் ராட்க்ளிஃப் என்ற அறிவிப்பாளர் அந்த நாலு வார்த்தையை வைத்து, மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல வெளுத்துக்கட்டுவார். அவர் அடித்தான் என்று வாய் திறக்கும் அதே நொடியில் ஹெட்டி தொங்கவிட்ட மரக்கட்டையைக் குச்சியால் தட்ட வேண்டும். அதுதான் மட்டையில் பந்து படும் ஓசை. கூட்டத்தின் கூச்சலுக்கு ஒரு இசைத்தட்டு. இப்படித்தான் நடக்கிறது என்று ஊருக்கும் தெரியும், ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். சனிக்கிழமைகளில் கடைவாசலில் ஒலிபெருக்கி வைத்துவிடுவார்கள். ஆட்டம் முடியும்வரை அத்தனை பேரும் நடைபாதையில்தான் நிற்பார்கள், பின்சந்தில் ஈ காக்கை இருக்காது. நிலையத்துக்குச் சக்தி குறைவு, ஊர் எல்லையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் வெறும் கரகரப்புதான்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அன்று ஏழாவது இன்னிங்ஸில் தந்திக் கம்பி செத்துவிட்டது.

ஊர் அணியின் டாஸன் மட்டையோடு வந்து நிற்கிறான், அதற்குமேல் செய்தி இல்லை. ஆர்வில் கையை விரித்துவிட்டு, கம்பி இணைப்புப் பெட்டியைப் பார்க்கப் பின்படிக்கட்டில் கீழே ஓடினார். கிளெம் அசரவில்லை. பேஸ்பாலில் கோட்டுக்கு வெளியே போகும் பந்துக்கு ஃபவுல் என்று பெயர். அடித்தவன் அவுட்டும் ஆக மாட்டான், ஓட்டமும் கிடைக்காது, எத்தனை தடவை அடித்தாலும் ஆட்டம் அப்படியே நிற்கும். கம்பி செத்தால் அறிவிப்பாளருக்கு அதைவிட நல்ல தோழன் கிடையாது. கிளெம் டாஸனை ஃபவுலாக அடிக்கவைத்துக்கொண்டே இருந்தார். ஹெட்டியின் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. நடுவில் ஒரு பந்து கடலைக்காரரின் தட்டில் விழுந்து கடலையெல்லாம் சிதறியது என்றுகூட அளந்துவிட்டார். ஆர்வில் திரும்பி வந்து, கம்பிக்கு உயிர் வந்தபோது டாஸன் பிடிபட்டு அவுட் என்று செய்தி இருந்தது. கிளெம் பெருமூச்சு விட்டு அவனை அவுட்டாக்கினார். வாசலில் கூட்டம் டாஸனின் வீரத்துக்காகக் கைதட்டியது.

கம்பி அறுந்ததை வெளியே சொல்லவே கூடாது என்பது நிலையத்தின் சட்டம். இட்டுக்கட்டிச் சொல்வது தெரிந்தால் விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்று ரொட்டிக் கம்பெனிக்காரர்கள் மிரட்டி வைத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, வேலைக்குப் பஞ்சமான காலம்; போன வேலை திரும்பி வராது. மூன்று பேரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் ஷெரிஃப் கேட்டபோது ஆர்வில் மாட்டிக்கொண்டார்.

"நடு ஆட்டத்துல கீழே எதுக்குப் போனீங்க?"

"சும்மா."

"தந்திக் கருவியை விட்டுட்டு சும்மாவா? லெஸ்டரோட பின்னறைக் கதவுகிட்ட உங்களைச் சந்துமுனையைக் கடந்து போன ஒருத்தர் பாத்திருக்காரு."

"அந்தக் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. லெஸ்டர்தான்னு நெனச்சேன். நான் உள்ள போகல."

"போன வாரம் அந்தப் புத்தகத்தைக் கொளுத்திடுவேன்னு கடையில நின்னு சொன்னீங்களே?"

ஆர்வில் அப்படிச் சொன்னது உண்மை. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் பெரிய பந்துவீச்சாளர். பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஆட்டத்தைத் தோற்றுக்கொடுத்தார் என்று லெஸ்டரின் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருந்தது. ஹெட்டி கம்பி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். ஆர்வில் தலையை ஆட்டித் தடுத்தார். சொன்னாலும் பெரிய பிரயோசனம் இல்லை என்பது ஹெட்டிக்கும் தெரியும். கீழே போன காரணம் விளங்குமே தவிர, திருடவில்லை என்று ஆகிவிடாது. பூட்டிய சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் கணவனை விட்டுவிட்டு வீடு திரும்பியபோது அவளுக்குப் பயமாக இருந்தது, பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

ஞாயிறு காலை. உணவுக்கடையில் கால் வைக்க இடமில்லை. முட்டையும் பன்றி இறைச்சியும் பொரிகிற சத்தத்துக்கு மேலே எல்லோரும் டாஸனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹெட்டியைக் கண்டதும் குரல்கள் தாழ்ந்தன. நடுநாயகமாக வார்ட் கிம்பல் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பத்தி எழுத்தாளர். வெளியூர் ஆட்டங்களுக்கு நேரில் போகும் ஒரே ஆள் தானென்று சொல்லிக்கொள்வார். அவரும் ஒரு பேஸ்பால் புத்தகம் எழுதி அதே சிகாகோ பதிப்பாளருக்கு அனுப்பினார். அது போன வேகத்தில் திரும்பி வந்ததை ஊரே அறியும், அவர் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பத்தி அன்றைய தாளில் முழுசாக வந்திருந்தது. டாஸனின் ஃபவுல்களுக்கே பாதி இடம். கிம்பல் வாயாலும் ஒரு தடவை வர்ணித்தார். ஹெட்டி காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"பந்து கடலைத் தட்டுல விழுந்ததை நீங்களே பாத்தீங்களா, மிஸ்டர் கிம்பல்?"

"எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி, அம்மணி. ஒரு கடலை என் தொப்பியில வந்து விழுந்துச்சு. மாடியில உக்காந்து குச்சி தட்டுறவங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

கடையே சிரித்தது. ஹெட்டியும் சிரித்தாள். காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு நேராகக் கிளெம் வீட்டுக்குப் போனாள்.

கிளெம் முடியவே முடியாது என்றார். ரொட்டிக் கம்பெனியைச் சொன்னார், தன் பெயரைச் சொன்னார், ஊர் காறித் துப்பும் என்றார். ஹெட்டி கெஞ்சவில்லை. நாளைக்கு வந்து நின்றால் போதும், பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

திங்கள் காலை, சிகாகோ ரயில் வருவதற்கு முன்னால், லெஸ்டரின் கடையில் எல்லோரும் கூடினார்கள். ஷெரிஃப் ஆர்விலையும் அழைத்து வந்திருந்தார். கிம்பல் செய்தி சேகரிக்க என்று தானாகவே வந்து சேர்ந்தார். வாசலில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். லெஸ்டருக்கு இரண்டு நாளில் வயது கூடிவிட்டிருந்தது.

ஹெட்டி கிம்பலைப் பார்த்து நின்றாள்.

"சனிக்கிழமை ஆட்டம் முழுக்க மைதானத்துல இருந்தீங்க?"

"பத்தியைப் படிக்கலையா?"

"படிச்சேன். அதனாலதான் கேக்குறேன். டாஸன் அடிச்ச ஃபவுல்ல ஒண்ணுகூட நடக்கல."

கிம்பல் சிரித்தார். ஊரே கேட்டதே என்றார். கேட்டதுதான், நடக்கவில்லை என்றாள் ஹெட்டி. ஷெரிஃப் நெற்றியைச் சுருக்கி, இதற்கு யார் சாட்சி என்று கேட்டார். எல்லோரும் கிளெமைப் பார்த்தார்கள். கிளெம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு இரவு கழித்த ஆர்விலின் முகத்தைப் பார்த்தார்.

"கம்பி அறுந்துபோச்சு, ராய். ஆர்வில் அதைப் பாக்கத்தான் கீழே போனான். அந்த ஃபவுல் அத்தனையும் நான் விட்ட கதை. கடலைக்காரர்னு ஒரு ஆளே கிடையாது."

ஷெரிஃப் லெஸ்டரின் தொலைபேசியை எடுத்து, ஆட்டம் நடந்த ஊரின் அணி மேலாளரைப் பிடித்தார். கேட்டார். வைத்தார்.

"முதல் பந்துலயே டாஸன் பிடிபட்டு அவுட்டாம்."

கிம்பலின் கழுத்து சிவந்தது. சரி, ஊர் திரும்பியதும் நாலு பேர் சொன்னதைக் கேட்டு, சுவைக்காகச் சேர்த்து எழுதினேன், அது ஒரு குற்றமா என்றார். அவர் இதைத்தான் சொல்வார் என்று ஹெட்டி நேற்றே கணக்குப் போட்டிருந்தாள்.

"அங்க இருந்தவரா இருந்தா சேத்திருக்கவே மாட்டீங்க. டாஸன் முதல் பந்துலயே போனதை உங்க கண்ணால பாத்திருப்பீங்க. இங்க வந்து ஃபவுல் கதையைக் கேட்டதும் வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பீங்க. மறுநாள் பேப்பர்ல கிளெமோட மானத்தையே வாங்கியிருப்பீங்க. உங்களுக்கு அதுல எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும்! அதை விட்டுட்டு அவரு சொன்னதையே வார்த்தை மாறாம எழுதினீங்கன்னா, உங்களுக்கும் அவரு சொன்னது மட்டும்தான் தெரியும்."

வாசலில் யாரோ விசிலடித்தார்கள்.

"தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி எங்க குரல் கேக்காது," என்றாள் ஹெட்டி. "ஆக, ஆட்டத்துக்குப் போறேன்னு ஊர்ல சொல்லிட்டுக் கிளம்பின மனுஷன் ஊருக்குள்ளயே பதுங்கியிருந்து ஏழாவது இன்னிங்ஸைக் கேட்டிருக்காரு. வாசல்ல நின்னிருந்தா யாராவது பாத்திருப்பாங்க. பின்சந்துல நின்னாலும் ஒலிபெருக்கி நல்லாக் கேக்கும். ஆர்வில் காதுல விழுந்த கதவுச் சத்தம் லெஸ்டரோடது இல்ல. அவரு முன்னாடி கூட்டத்தோட நின்னாரு."

ஷெரிஃப் கிம்பலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சனிக்கிழமை எங்கே இருந்தீர்கள்? கிம்பல் லெஸ்டரையும் பார்க்கவில்லை, ஷெரிஃபையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். கதவை மறித்து ஊரே நின்றது.

தாள்கள் எங்கே இருக்கும் என்று ஷெரிஃப் யோசித்தபோது, அதையும் ஹெட்டிதான் சொன்னாள். தட்டச்சுத் தாள் கட்டு கிடந்தால் ஊரிலேயே பத்திரிகை அலுவலகத்தில் மட்டும்தான் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிம்பலின் மேசைக்கு அடியில், பழைய பத்திகளின் குவியலுக்குள் புத்தகம் முழுசாகக் கிடைத்தது. பக்கத்திலேயே முதல் அத்தியாயம் வேறு தட்டச்சில், வார்ட் கிம்பல் என்ற பெயருக்குக் கீழே, புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது.

லெஸ்டர் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஆர்விலிடம் வந்து, உங்கள் அப்பாவைப் பற்றிய அத்தியாயத்தை இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றார். ஆர்வில் கட்டின் மேல் கையை வைத்து அழுத்தினார்.

"இருக்கட்டும், லெஸ்டர். இந்த ஊர்ல ஒரு ஆட்டத்தை நடந்தபடி எழுதின ஆள் நீங்க ஒருத்தர்தான்."

ஹெட்டி ஆர்விலின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நெஞ்சு நிமிர்ந்து, காலில் தரை படாமல்தான் வந்தாள், அதை மறைக்கவும் முயலவில்லை. கூட்டம் வழிவிட்டுக் கைதட்டியது. பின்னால் கிளெம் தலையைக் குனிந்துகொண்டு, வசவுக்குத் தயாராக நடந்து வந்தார். ரொட்டிக் கம்பெனியின் ஊர் முகவரே முன்வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கிளெம் அவர் எதிரில் நின்றார்.

"அத்தனையும் கட்டுக்கதையா, கிளெம்?"

"ஆமாங்க."

"டாஸன் உங்க கையிலதான் இருந்தான்?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்குய்யா அவனை அவுட்டாக்கினீங்க?"