பத்து வருஷ வலிப்பு

"ஐயோ... எரியுதுடி!"

ஆஸ்பத்திரி அறையே அதிர்ந்தது!

கட்டிலில் கணவன். கழுத்திலிருந்து வயிறு வரை திட்டுத் திட்டாய்ச் சிவப்பு. உதடெல்லாம் புண்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது.

போன மாதம் அவள் தம்பியை மொட்டை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றவன் இவன். 'அக்காவை ஏன் அடிக்கிறே?' என்று கேட்க வந்த தம்பி! இவனோ ஜாமீனில் வந்து ஒரு கதை கட்டினான். 'எனக்கு வலிப்பு. கை உதறினதுல தள்ளிட்டேன். எதுவும் ஞாபகமில்லை.'

வலிப்பு அவனுக்கு இல்லை... அவளுக்கு!

கல்யாணமான நாளிலிருந்து 'இழுப்புக்காரி' என்று இளித்தவன், இப்போது அந்த வியாதியையே கடன் வாங்கிவிட்டான். அவளுடைய மாத்திரையையும் சேர்த்து! ரத்தப் பரிசோதனையில் மருந்து தெரிய வேண்டுமாம்.

"வாயைத் திறந்தே... அடுத்தது நீதான்!" என்றும் சொல்லிவைத்திருந்தான்.

தோல் டாக்டரம்மா வந்தார். பின்னாலேயே இன்ஸ்பெக்டர்.

"வலிப்பு மாத்திரை எவ்வளவு காலமா சாப்பிடறீங்க?"

"பத்து வருஷமா டாக்டர்!"

"இதே மாத்திரையா? நடுவுல நிறுத்தினீங்களா?"

"இதேதான்! ஒரு வேளை விட்டதில்ல!"

டாக்டரம்மா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"இடிக்குதே சார்! சிலருக்கு இந்த மாத்திரை தோலுக்கு ஆகாது. ஆனா பெரும்பாலும் ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துக்குள்ள காட்டிடும். பத்து வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப திடீர்னு கோவிச்சுக்காது."

"அப்போ மச்சினன் செத்தப்புறம்தான் ஐயாவுக்கு வலிப்பே பொறந்திருக்கு!" என்றார் இன்ஸ்பெக்டர். "பிழைப்பாரா?"

"பிழைச்சுடுவார்."

"சந்தோஷம். கோர்ட்டுக்கு ஆள் முழுசா வேணும்."

"ஏண்டி... பத்து வருஷம்னு சொல்லுடி!" கணவன் அலறினான்.

அவள் எழுந்தாள்.

"ஒரு மாசம்தான் சார். எல்லாம் என் மாத்திரை."

வெளியே வராந்தாவில் இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு இந்த மாதிரி வரலையாம்மா?"

"இல்ல சார். எனக்குக் கொஞ்சூண்டுல ஆரம்பிச்சு, வாரக்கணக்கா மெல்ல மெல்லத்தான் ஏத்தினாங்க. சிவப்பு தெரிஞ்சா உடனே ஓடி வான்னும் சொன்னாங்க. இவர் எடுத்த எடுப்புல நாலு நாலா முழுங்கினார்."

இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார்!

"நீங்க... பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

"தண்ணியும் நான்தான் சார் எடுத்துக் குடுத்தேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா...!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஈரம் எதுவும் இல்லை.

"பத்து வருஷமா சாப்பிடறவருக்கு நான் என்ன சார் புதுசா சொல்றது?"