அம்மா கொடுத்த மரியாதை

"உப்பு போதுமாங்க?" என்று அம்மா கேட்டபோது, ஏதோ கேலி செய்கிறாள் என்றுதான் மகள் நினைத்தாள். அவள் பிறந்த நாளிலிருந்து ‘டீ’ போட்டே பழகிய வாய் அது.

மறுநாளும் அதே மரியாதை தொடர்ந்தது. அவள் அறைக்குள் வந்தால் அம்மா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். முதுகு தேய்த்துவிடப் போனால் கூச்சத்தோடு குளியலறைக் கதவைத் தாழிட்டாள்.

டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கேட்டதற்கெல்லாம் அம்மா பிசகாமல் பதில் சொன்னாள். "பொண்ணு எங்கம்மா?" என்றபோது மட்டும், பக்கத்து நாற்காலியிலிருந்த மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வீட்டுல இருக்கா" என்றாள். வயதானால் இப்படி ஆவதுண்டு, எதிர்த்துப் பேசாதீர்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அதன்பின் மகளை வேறொரு சந்தேகம் அரிக்கத் தொடங்கியது. கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினால், காலையில் காயப்போட்ட அவளுடைய துண்டு நனைந்திருக்கும். அவள் தலையணையில் அப்போதுதான் யாரோ எழுந்துபோன சூடும், அவள் தேய்க்கும் எண்ணெயின் வாசனையும் இருக்கும். ஏமாளிக் கிழவி என்று எவளோ உள்ளே நுழைந்து ஒட்டிக்கொண்டாளா? எதிர்வீட்டுத் தையல்காரியிடம் விசாரித்தாள்.

"யாரும் வரலையே. நீதான் நாள் பூரா ஜன்னல்ல நிக்கிற. வேலைய விட்டுட்டியா?"

மறுநாள் தலைவலி என்று சொல்லி மதியமே கடையிலிருந்து கிளம்பினாள். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. சாவியைத் திருப்பியும் கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள். உள்ளே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், பல நாளாகக் கேட்காத சிரிப்பு.

"மெதுவாடீ, வலிக்குது."

சுவரை ஒட்டி நடந்து ஜன்னலை எட்டிப் பார்த்தாள். தரையில் அம்மா. பின்னால் உட்கார்ந்து ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. மகளுடைய நைட்டி. மகளுடைய அதே பின்னல்.

அம்மா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"திரும்பாதடீ. அது வந்திருக்கு."

சீப்பு நின்றது.

‘அம்மா’ என்று கூப்பிட மகள் வாயைத் திறந்தாள். தொண்டை அசைந்தது. அவள் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"பயப்படாதம்மா. போயிடும்."

உள்ளே இருந்தவள் திரும்பவில்லை. ஒரு கையால் அம்மாவின் கண்களை மெல்லப் பொத்தினாள். மறுகை மறுபடி வாரத் தொடங்கியது.