பால்கனியில் ஒரு சிவப்புத் துணி

வாயாடி என்றே எல்லோரும் கூப்பிடும் சிறுமி அன்று சாப்பிடும்போதுகூடப் பேசவில்லை. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

காய்ச்சல் இல்லை, கவலைதான். வாயாடியின் அப்பா பட்டறை வைத்திருக்கிறார். இடிபட்ட கார்களின் ஒடுக்கைச் சுத்தியலால் தட்டிச் சரி செய்வார். முன்பு அந்தத் தெரு முழுக்கப் பட்டறைகள்தான். ஒவ்வொன்றாகக் கைமாறி, இப்போது அப்பாவுடையதும் பக்கத்தில் பெயிண்டர் மாமாவுடையதும்தான் மிச்சம். எதிரே மரப்பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. அங்கே புதிதாகக் குடிவந்த நர்ஸ் அக்கா, சத்தம் தாங்கவில்லை என்று பட்டறை இடத்தின் சொந்தக்காரரிடம் புகார் சொல்லிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சொந்தக்காரர் அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நர்ஸுக்கு நம்மேல் என்ன கோபமோ என்று அப்பா புலம்பிக்கொண்டே இருந்தார். ஆனால் யாரும் போய்க் கேட்கவில்லை. வாயாடி போய்க் கேட்டாள்.

கதவைத் திறந்த அக்காவின் கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில வேலைம்மா. காலையில வந்து படுத்தா டங்கு டங்குன்னு சத்தம். எனக்கென்ன சண்டை போட ஆசையா? தூங்கணும், அவ்வளவுதான்."

வாயாடிக்குப் பாவமாக இருந்தது. கீழே வந்தபோது பெயிண்டர் மாமாவின் கதவில் சிவப்புத் துணி தொங்கியது. பெயிண்ட் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்கும்வரை பக்கத்தில் யாரும் பெருக்க மாட்டார்கள், தூசி கிளப்ப மாட்டார்கள். பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்?

மாமாவிடம் அதேபோல ஒரு சிவப்புத் துணி கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி மாடிக்கு ஓடினாள்.

"தூங்கும்போது இதை பால்கனியில கட்டுங்கக்கா. எடுக்கிற வரைக்கும் எங்கப்பா தட்ட மாட்டாரு."

படியிறங்கும்போதுதான் அப்பாவிடம் இன்னும் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அப்பா முதலில் எகிறினார். பிறகு தலையைச் சொறிந்தார். துணி தொங்கினால் மதிக்காமல் இருக்க அவராலும் முடியாது. அடுத்த நாளிலிருந்து காலையில் போல்ட் கழற்றும் வேலை, மதியத்துக்கு மேல் சுத்தியல் வேலை என்று மாற்றிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் இடத்தின் சொந்தக்காரர் காரில் வந்தார். வாசலில் நின்று ஹாரனை அழுத்தினார். அப்பா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவந்து, மேலே துணியைக் காட்டினார். அதற்குள் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் அக்கா வந்துவிட்டார்.

"பட்டறைக்காரங்களே சத்தம் போடாம இருக்காங்க. நீங்க ஏன் சார் ஊரையே எழுப்புறீங்க?"

அவர் தடுமாறினார். "பட்டறையைப் பத்தி நீங்கதானே புகார்..."

"பட்டறை மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல சார். உங்க ஹாரன் மேலதான்."

சொந்தக்காரர் பூனைபோலக் காரை நகர்த்திக்கொண்டு போனார். அப்பா ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த மூச்சை மெல்ல விட்டு, மகளின் தலையைத் தடவினார்.

வாயாடிக்குச் சொல்ல ஆயிரம் விஷயம் இருந்தது. ஆனால் துணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததால், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு மதியம்வரை காத்திருந்தாள்.