நூற்றுப் பதினேழு

ஊரில் மதியம் பன்னிரண்டு என்றால் நார்வேயின் பெர்கன் நகரில் காலை எட்டரை. அமைதி மன்றத்தின் விடுதி அறையில், காதில் கேட்பியைச் செருகிக்கொண்டு ஜெனிட்டா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை. அவள் வந்து இறங்கியதிலிருந்து விடவேயில்லை. இந்த ஊர்க்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு மழையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்கள். அவள் ஊரில் ஒரு குடம் நன்னீருக்குத்தான் சண்டையே.

"ஒன்று" என்றது கேட்பிக்குள் இயந்திரத்தின் குரல்.

"உள்ளேன் ஐயா."

"இரண்டு."

"உள்ளேன் ஐயா."

இயந்திரத்தை எதற்கு ஐயா என்று கூப்பிட வேண்டும் என்று அவள் ஊரில் யாரும் யோசித்ததில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பள்ளிக்கூடப் பழக்கமும் அப்படித்தான். கடலில் மிதக்கும் முத்துநகர் மிதவூரின் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வயது வரை எல்லோரும் அதில் உண்டு. ஜெனிட்டா நாற்பத்து மூன்று. அவள் காத்திருந்தது நூற்றுப் பதினேழுக்கு.

"நூற்றுப் பதினேழு."

"உள்ளேன், உள்ளேன்!"

அவள் சிரித்தாள். தம்பி ஆன்றோவுக்குப் பதினாறு வயது. குரல் உடைந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஓடி வருகிறவன் போல எப்போதும் இரண்டு தடவை சொல்வான்.

எல்லோர் கையிலும் ஒரு வருகைவளை. நாள்தோறும் அது இரண்டு கேள்வி கேட்கும். இருக்கிறீர்களா? போர் நிற்கட்டுமா, தொடரட்டுமா? பொம்மையோ ஒலிப்பதிவோ பதில் சொல்லிவிடக் கூடாதென்று நாடித்துடிப்பையும் பார்த்துக்கொள்ளும். போரிடும் மிதவூர்களிலும் கரைநாட்டிலுமாக நாற்பதாயிரம் பிள்ளைகளின் பதில்களைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் இயந்திரம்தான் இளங்குரலி. போர் தொடுப்பவர்கள் பெரியவர்கள், சாகிறவர்கள் பிள்ளைகள், ஆகவே நிறுத்தும் உரிமையும் பிள்ளைகளுக்கே என்று உலக நாடுகள் கையெழுத்திட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 'நிற்கட்டும்' என்றால் துப்பாக்கிகள் வாய் மூடவேண்டும். அந்த எண் கீழே இறங்காதவரை மூடியே இருக்கவேண்டும்.

மன்றத்தின் மாநாட்டில் இந்தப் பிள்ளைகளுக்காகப் பேச ஒருவரைக் குலுக்கலில் எடுப்பார்கள். இந்த முறை கடற்பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஜெனிட்டாவின் பெயர் வந்தது. கிளம்பும்போது ஆன்றோ, "ஏய், ஐஸ் கட்டி கொண்டு வா. நல்ல தண்ணி ஐஸு" என்று கேட்டிருந்தான்.

முதல் நாள் எண் நூற்றுக்கு அறுபத்தாறு புள்ளி நான்கு. தேவை அறுபத்தாறு புள்ளி ஏழு. நூறு, நூற்றிருபது பேர் மனம் மாறினால் போதும். மாநாடு முடிய ஏழு நாள் இருந்தது. ஜெனிட்டா மேடையேறிப் பேசினாள். கடலுக்கடியில் இருக்கும் நன்னீர் ஊற்றைக் கரைநாடு குழாய் போட்டு எடுக்கிறது, மிதவூர் குழாயை வெட்டுகிறது, இருவரும் குடித்தாலும் தீராத ஊற்று அது என்று கணக்கோடு சொன்னாள். கரைநாட்டுப் பிள்ளைகள் சிலர் அதைக் கேட்டு மனம் மாறியதாகச் செய்தி வந்தது. அன்று மாலை அவள் மழையில் குடையில்லாமல் நடந்து போய் நனைந்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் மிதவூர்களின் கிழக்குப் பாலங்கள்மேல் குண்டு விழுந்தது.

நான்காம் நாள் காலை கேட்பியில் இடைவெளிகள் கேட்டன. இயந்திரம் ஒரு எண்ணைச் சொல்லும், மூன்று நொடி பொறுக்கும், அடுத்த எண்ணுக்குப் போய்விடும். எட்டு இல்லை. பத்தொன்பது இல்லை. இருபது இல்லை. அவள் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கி, விரல்கள் போதாமல் நிறுத்தினாள்.

"நூற்றுப் பதினேழு."

ஒன்று. இரண்டு. மூன்று.

"நூற்றுப் பதினெட்டு."

அம்மா அமலோற்பவத்துக்கு அழைப்பு போகவே அரை மணி நேரம் ஆனது. அப்பா தூரதேசத்துக் கப்பலில் இருந்தார். வீட்டில் அம்மாவும் தம்பியும்தான்.

"எம்மா, ஆன்றோ வளையக் கழட்டி எங்கயும் வச்சிட்டானா? பதிலே சொல்லல."



"வளை அவன் கையிலதாம்மா கெடக்கு" என்றாள் அம்மா. "தண்ணியிலருந்து எடுத்துப் போட்டுருக்காவ. அது இப்பமும் கூப்பிடுது. இருக்கிறீர்களான்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

ஜெனிட்டா அழுதாள். வெட்கமில்லாமல், வாய்விட்டு, அறைக் கதவைத் தட்டியவர்கள் திரும்பிப் போகும்வரை அழுதாள். அழுகைக்கு நடுவிலும் ஒரு நினைப்பு ஓடியது. இத்தனை பிள்ளைகள் செத்ததைப் பார்த்த பிறகு எண் ஏறாமல் இருக்குமா? நாளைக்கே எழுபதைத் தொடும்.

மறுநாள் எண் அறுபத்தைந்து புள்ளி ஒன்பது.

இளங்குரலியைப் பராமரிக்கும் துஷ்யந்தியின் அறைக்கு அவள் ஓடினாள். துஷ்யந்திக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போருக்குத் தப்பி நார்வேக்கு வந்தவர்கள். வீட்டில் பேசிய தமிழ் அவர் வாயில் அப்படியே இருந்தது.

"அக்கா, இயந்திரம் கெட்டுப்போச்சு. ஏற வேண்டியது எறங்குது."

"அது கெடேல்லைப் பிள்ளை" என்றார் துஷ்யந்தி. "குண்டு விழுற இடத்திலை இருக்கிற ஆக்கள்தானே நிப்பாட்டச் சொல்லுவினம்? அவையள்தான் செத்தவை. பதில் சொல்லாத பேர் அண்டைய கணக்கிலை சேராது. ஒரு பிள்ளை சாக, 'நிற்கட்டும்' எண்டதிலை ஒண்டு குறையும். தொடரச் சொன்னவை தூரத்திலை சுகமாய் இருக்கினம்."

"அப்ப சாகச் சாக..."

"ஓம். சாகச் சாக எண் இறங்கும். இதைச் செய்த ஆக்களுக்கு இது விளங்கேல்லை. எனக்கும் நேற்றுத்தான் விளங்கினது." அவர் திரையில் ஏதோ தட்டினார். "செத்த தொள்ளாயிரம் பேரும் இருந்திருந்தால் இண்டைக்கு அறுபத்தாறு புள்ளி ஏழு. கரைநாட்டிலை மனம் மாறின பிள்ளையளோட சேர்த்துச் சரியாய் வந்திருக்கும்."

ஜெனிட்டா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வகுப்புத் தலைவி. இரண்டு வருடமாக வருகைப் பதிவேடு அவள் கையில்தான். கடைசி பெஞ்சில் ஒருவனே நான்கு பேருக்கு நான்கு குரலில் 'உள்ளேன் ஐயா' சொல்வதைத் தெரிந்தே விட்டிருக்கிறாள். இந்த இயந்திரத்தைச் செய்த நாடுகளில் அப்படி ஒரு பழக்கம் இல்லை போலும். வளை நாடியைத்தான் பார்க்கும். யாருடைய நாடி என்று பார்க்காது.

ஆன்றோவின் கூட்டாளி ரெனால்டை அழைத்தாள். அவன் விக்கி விக்கிப் பேசினான்.

"ஏலே, அழாத. செத்தவங்க வளையெல்லாம் எங்க?"

"கோயில்ல வச்சிருக்காவக்கா. ஒரு கடகம் நெறைய."

"எல்லாத்தையும் எடுத்து ஆளுக்கு அஞ்சாறு போட்டுக்கிடுங்க. மத்த மிதவூருக்கும் சொல்லியனுப்பு. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஒரு பேரு விடாம உள்ளேன் சொல்லணும்."

அவன் மறுமுனையில் மூச்சு விடுவது கேட்டது. "ப்ராக்ஸியாக்கா?"

"ஆமால. ப்ராக்ஸி."

ஆறாம் நாள் காலை இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் பதில் சொல்லின. எட்டு இருந்தது. பத்தொன்பதும் இருபதும் இருந்தன.

"நூற்றுப் பதினேழு."

"உள்ளேன், உள்ளேன்!"

ரெனால்டு அப்படியே அவனைப் போலச் சொன்னான். ஓடி வருகிற மூச்சுகூட இருந்தது. ஜெனிட்டா கேட்பியைப் பிடுங்கி மெத்தையில் எறிந்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று துஷ்யந்தி அவளைக் கூப்பிட்டு ஒரு திரையைக் காட்டினார். ஆறு பெயர்கள், ஆறு நாடிக் கோடுகள். ஆறும் ஒரே நேரத்தில் ஏறின, ஒரே நேரத்தில் இறங்கின. துஷ்யந்தி திரையை அணைத்தார்.

"எங்கட அம்மாவுக்கு ரெண்டு தம்பிமார்" என்றார். "அவையளை ஒருத்தரும் எண்ணேல்லை. நீ போய்ப் படு பிள்ளை."

ஏழாம் நாள் மன்றம் நிறைந்திருந்தது. ஜெனிட்டா எண்ணைச் சொன்னாள். அறுபத்தாறு புள்ளி ஏழு. கைதட்டல் ஓய்ந்ததும் கரைநாட்டுப் பேராளர் எழுந்தார். நரைத்த, மரியாதை தெரிந்த மனிதர். அவரும் தமிழ்தான் பேசினார்.

"முடிவை ஏற்கிறோம். பதிவுக்காக ஒன்று மட்டும். எங்கள் குண்டுகளால் தொள்ளாயிரம் பிள்ளைகள் இறந்ததாக ஊடகங்கள் எழுதின. மன்றத்தின் பட்டியலோ ஒரு பெயரும் குறையாமல் இருக்கிறது. பிள்ளைகளின் வாயாக வந்திருக்கும் தங்கை சொல்லட்டும். பட்டியல் சரிதானா?"

ஒரு கணம் அவளுக்கு எல்லாம் புரிந்தது. சரியில்லை என்றால் தொள்ளாயிரம் பெயர் போகும், எண் விழும், நாளைக்கே குண்டு விழும். சரி என்றால் ஆன்றோ சாகவில்லை.

"அனைவரும் இருக்கிறார்களா?" என்று அவர் மறுபடி கேட்டார்.

"இருக்கிறார்கள்" என்றாள்.

"மிக்க மகிழ்ச்சி" என்று அவர் உட்கார்ந்தார். இளையோர் உயிரிழப்பு ஏதுமில்லை என்று பதிவாயிற்று.

போர் நின்றது. ஜெனிட்டா ஊருக்குத் திரும்பியபோது பெட்டிக்குள் ஒரு குடுவை இருந்தது. பெர்கனில் பிடித்த மழைத்தண்ணீர். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரியில் வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள்.

மன்றத்தின் கண்காணிப்பாளர்கள் படகில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஊரில் யாரும் சாகவில்லை. சாவு மணி அடிக்கவில்லை. ஆன்றோவைத் துணியில் சுற்றி, பாட்டில்லாமல், கல்லைக் கட்டிக் கடலில் இறக்கியிருந்தார்கள். முப்பதாம் நாள் பூசை கேட்டுப் போன அம்மாவிடம், "பேரச் சொல்லாம வேணும்னா வைக்கேன்" என்றார் சாமியார். பேரைச் சொல்லாத பூசை எதற்கு என்று அம்மா திரும்பி வந்தாள். வரும் வழியில் ரெனால்டிடமிருந்து நூற்றுப் பதினேழாம் வளையை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். பெற்றவளிடம் இருக்கட்டும் என்று ஜெனிட்டாவும் நினைத்தாள். மற்ற வீடுகளிலும் தாய்மார் அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் எண் அறுபத்தாறு புள்ளி ஒன்பதுவரை ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. துஷ்யந்தி அழைத்தார்.

"ஒருத்தரும் சாகேல்லைப் பிள்ளை. ஆனாலும் இறங்குது. ஏனெண்டு விளங்கேல்லை."

நண்பகலில் ஜெனிட்டா கல்லூரியில் இருப்பாள். அன்று காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அடுக்களையிலிருந்து வளையின் குரல் கேட்டது.

"இருக்கிறீர்களா?"

"உள்ளேன்" என்றாள் அம்மா.

"போர் நிற்கட்டுமா, தொடரட்டுமா?"

"தொடரட்டும்."

ஜெனிட்டா எழுந்து ஓடினாள். அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எம்மா, என்ன சொன்ன? அவன் பேருல என்ன சொன்ன?"

"பத்து நாளாச் சொல்லுதேன்."

"அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லம்மா."

"அவன் எங்க சொல்லுதான்? நாந்தான சொல்லுதேன்." அம்மா நிமிர்ந்தாள். "எம்புள்ளயக் கொன்னுட்டு, கொல்லவேயில்லன்னு எழுதி வச்சிருக்கான். நீயும் ஆமான்னுட்டு வந்துருக்க. செத்தான்னு ஒருத்தன் சொல்லட்டும், ஒரு மணி அடிக்கட்டும், நான் நிப்பாட்டுதேன்."

மரச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும், அதற்கு அடுத்த வீட்டிலும் வளைகள் கேட்டுக்கொண்டிருந்தன. பதில் சொன்னவை பிள்ளைகளின் குரல்கள் அல்ல. அவள் பதில் சொல்லாமல் விட்டிருந்த வளையும் மறுபடி கேட்டது.

"உள்ளேன்" என்றாள். "நிற்கட்டும்."

ஒரே வீட்டில் ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோனது. ஒரு மணிக்குக் கோயில் சுவரின் திரையில் எண் மாறியது. அறுபத்தாறு புள்ளி ஆறு.

போர்நிறுத்தம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. கண்காணிப்பாளர்களின் படகுகள் அவசரமாகக் கிளம்பிப் போயின. இனி யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. சாமியார் வெளியே வந்து கயிற்றைப் பிடித்தார். மணி அடித்தது. விட்டு விட்டு, ஒரு பெயருக்கு ஓர் அடியாக அடித்தது.

அம்மா மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். முற்றுப்பெறாமல் கிடந்த அழுகை முழுக்க அப்போதுதான் வந்தது. மகனின் பெயரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜெனிட்டா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அழுது ஓய்ந்தபோது அம்மா வளையைக் கழற்றி மகள் கையில் வைத்தாள்.

"போதும். இனி அவன் தூங்கட்டும்" என்றாள். "நாளைக்கு ஒன்னய மாதிரி நானும் நிக்கட்டும்னே சொல்லுவேன். எனக்கு வளை உண்டா?"

"ஒனக்கு வயசு தாண்டிட்டும்மா" என்றாள் ஜெனிட்டா.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே கிழக்குப் பாலத்தில் அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.