இல்யாஸின் மறுப்பு

'கோரிக்கை மறுக்கப்பட்டது' என்று திரையில் வந்த வரியை இனியா இரண்டு முறை படித்தாள். மறுக்கக்கூடிய ஒரே ஆளான இல்யாஸை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் இருந்த ஒற்றை அறையில், கீழிருந்து ஏறிவரும் இரும்புத்தூள் வாடையையும் எண்ணெய்ப் புகையையும் சுவாசித்தபடி, இருவரும் ஆறு வருடம் எழுதிய மென்பொருள் அது. பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம். பெயர் சாவிக்கொத்து. நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். இருபதாயிரம் பேர் எடுத்துக்கொண்டார்கள். நன்றி சொன்னவர்களின் பெயர்கள் அவளுக்கு மனப்பாடம், அவ்வளவு குறைவு.

ஒருவர் இறந்தால் அவர் பெட்டகம் பூட்டியே கிடக்கக் கூடாதென்று இல்யாஸ் ஒரு வழி வைத்திருந்தான். அவர் நியமித்தவர் கோரிக்கை அனுப்பி மூன்று நாள் காத்திருக்க வேண்டும். உரியவர் உயிரோடிருந்தால், தன் போனில் 'நான் இருக்கிறேன்' என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து மறுப்பார். இல்லையென்றால் பெட்டகம் திறக்கும்.

இல்யாஸ் நியமித்திருந்தது இனியாவை. புதிய பதிப்பை வெளியிடும் சாவி அவன் பெட்டகத்தில்தான் இருந்தது. யாரோ நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். இனியா அதை அடைத்துவிட்டாள்; ஆனால் சாவியில்லாமல் வெளியிட முடியாது. திருடர்கள் முந்திக்கொண்டால் இருபதாயிரம் பேரின் பூட்டும் உடையும்.

இல்யாஸின் தங்கை ரூபினாவுக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க ரூபினா, அண்ணன் போனை யாராச்சும் தொட்டீங்களா?"

"சார்ஜே போடலீங்கக்கா. பீரோவுல கெடக்குது. வந்து எடுத்துட்டுப் போயிருங்க. அந்த வேலைதான் எங்கண்ணனத் தின்னுபோட்டுது."

இனியா அன்றே போய் எடுத்துவந்தாள். இல்யாஸின் கடைசி நாளன்று, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது அம்மணி" என்றவனிடம், "இத ஒண்ணு பாத்து முடிச்சுப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்று சொன்னது அவள்தான். அவன் பார்த்து முடித்தான்.

இரண்டாவது கோரிக்கையும் மறுக்கப்பட்டது. மூன்றாவதை அனுப்பிவிட்டு, உயிரில்லாத அந்தப் போனை மேசைமேல் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள்.

கெடு முடியும் நாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு லீவு, ஆறு நாளும் தரையை அதிரவைக்கும் லேத் ஓய்ந்துவிட்டதால், தெருக்கோடியில் யாரோ பாத்திரம் கழுவுவதும், தன் தொண்டை எச்சில் விழுங்குவதும்கூட அவளுக்குக் கேட்டன. சாயங்கால வெயில் மேசைமேல் ஊர்ந்து வந்து கறுத்த கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டது.

போன் ஒளிரவில்லை. ஒலிக்கவில்லை.

கண்ணாடியில் ஓர் ஈரம். கட்டைவிரல் அளவு. ரேகைகள் தெளிவாக.

லேப்டாப்பில்: கோரிக்கை மறுக்கப்பட்டது.

துப்பட்டாவால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். ஈரம் உள்பக்கம் இருந்தது.

பக்கத்தில் இன்னொரு விரல். இன்னொன்று. பிறகு, வெளியே பார்க்க யாரோ நெற்றியை அழுத்தியதுபோல அகலமாக ஒரு வட்டம். அதன் கீழே மூச்சு படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

"இல்யாஸ்," என்றாள். "அந்தச் சாவி மட்டுமுங்க."

லேப்டாப்பில், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்ட யாரோ ஒருவரின் செய்தி வந்து விழுந்தது: 'எப்பத்தான் சரி பண்ணுவீங்க?'

இனியா மறுபடியும் கோரிக்கையை அழுத்தினாள்.

கண்ணாடிக்குள் இருந்தவனுக்கு மூச்சு வாங்கியது.