அளந்து போட்ட சோறு

"ஏளா அல்போன்சா... இது மனுசனுக்கு வச்ச சாப்பாடா, கோழிக்கு வச்சதா?"

காலையிலேயே வந்து நின்றாள் பிலோமி. அல்போன்சாவின் கணவன் ரோச்சின் அக்கா, தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ரோச்சின் தட்டில் இரண்டு கேப்பை ரொட்டி. அவன் தலைநிமிராமல் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் சொன்னதுதான் மைனி. சீனி வியாதிக்குச் சோத்தைக் குறைக்கணும், உடம்பும் இறங்கணும்னு..."

"தோணிக்கே தலைவனா, தண்டலா நின்னு ஆளுகளை மிரட்டுனவனைத் தட்டுக்கு முன்னால தலைகுனிய வச்சுட்டியே, பாவி!"

கணவன் தனியாகப் பத்தியம் இருப்பது பொறுக்காமல் அல்போன்சாவும் சோற்றை விட்டிருந்தாள். அவன் எழுந்துபோன பிறகே சாப்பிடுகிறவள், அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனாலும் ரோச்சின் எடை இறங்கவில்லை. சட்டையைத் துவைக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. கைமடிப்பில் மீன்குழம்புக் கறை! விசாரித்தால், மத்தியானந்தோறும் துறைமுகத்திலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான். வயிறு முட்டச் சோறு, அதற்கு மேல் தின்ன மக்ரூன் இனிப்பு வேறு.

பிலோமி வீட்டுக்கு ஓடினாள் அல்போன்சா.

"காலைப் பிடிக்கேன் மைனி... அவருக்குச் சோறு போடாதீங்க!"

"என் தம்பி, என் வீட்டுச் சோறு. போளா வெளிய!"

கதவு சாத்தப்பட்டது. புருசனைப் பட்டினி போடுகிறவள் என்ற பேர் தெருவெங்கும் பரவியது.

மழைக்காலத்தில் தோணியின் ஆணி ரோச்சின் காலில் ஏறியது. அவனுக்கு வலிக்கவேயில்லை, பாதத்தின் உணர்ச்சியை வியாதி எப்போதோ தின்றுவிட்டிருந்தது. அல்போன்சா கண்டபோது விரல்கள் கறுத்திருந்தன. ஆஸ்பத்திரியில் காலை முழங்காலோடு எடுத்தார்கள். எடுத்தும் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது.

"அளந்து போடச் சொன்னேனேம்மா!" டாக்டர் கடிந்துகொண்டார். "சர்க்கரை இப்படி ஏறிக் கிடந்தா புண் எப்படி ஆறும்?"

கட்டிலின் மறுபக்கம் பிலோமி வெளிறி நின்றாள். அல்போன்சா அவளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும்...

"என் தப்புதான் டாக்டர். அவரு கேட்டாரு, போட்டுட்டேன்."

"இல்ல டாக்டர்! நான்தான்... ஊட்டி ஊட்டி என் தம்பியை நானே கொன்னுட்டேன்!"

பிலோமி அலறிக்கொண்டு வந்து அல்போன்சாவைக் கட்டிக்கொண்டாள். மறுகணம் திடுக்கிட்டாள். கைக்குள் வெறும் எலும்பு.

"ஏளா, நீ ஏன் இப்படி...?"

"அவளும் சோறு திங்கல அக்கா," படுக்கையிலிருந்து ரோச் முனகினான். "எனக்குத் தெரியும்... தெரிஞ்சும் உன் வீட்டுல வந்து தின்னேன்."

அல்போன்சா அப்போதுதான் உடைந்து அழுதாள்.

டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்தார். அவர் குரல் இப்போது தணிந்திருந்தது.

"இனிமே பத்தியம் வேண்டாம்மா. அவரு என்ன ஆசைப்பட்டாலும் குடுங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"நீங்க சோறு திங்கலாமாம்."

ரோச்சின் முகம் மலர்ந்தது. "அப்போ... சரியாயிட்டுதா அல்போன்சா?"

"ஆமாங்க. சரியாயிட்டு."

பிலோமி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சத்தம் வெளியே வந்துவிடாதபடி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் அல்போன்சா.