பெயரில்லாத இருபது மெகாபைட்

ட்ரிங்... ட்ரிங்...!

கம்ப்யூட்டர் அறையின் டெலிபோனை எடுத்தாள் செல்லக்கிளி.

"ஏம்மா! ஷிப்ட் லிஸ்ட் எங்க? கேட்ல எண்ணூறு பேரு நிக்கிறாங்க!" மேனேஜர் காசிமாயன்.

"மெஷின் வாங்க மாட்டேங்குது சார். டிஸ்க்ல எடமில்லைங்குது..."

"நேத்து வரைக்கும் இருந்த எடம் எங்கம்மா போச்சு? பழங்காநத்தத்துக்கு பஸ் ஏறிப் போயிருச்சா?"

டொக்! போனை வைத்துவிட்டார்.

1988. பசுமலையைத் தாண்டி இருந்த அந்தச் சாய மில்லுக்கு, அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் கம்ப்யூட்டர் கம்பெனி என்ஜினியர் அப்துல் அலீம்.

உள்ளே வந்தவர் சட்டென்று நின்றார்.

அறையில் இரண்டு மேஜை. இரண்டு திரை. ஒன்றுக்கு மாலை போட்டிருந்தது!

"அது பாய்லரைப் பாத்துக்கிட்டிருந்த எங்கண்ணன் விருமாண்டி மேஜை, பாய்." செல்லக்கிளியின் குரல் உடைந்தது. "பாய்லர் வெடிச்சு இன்னியோட பதினஞ்சு நாளு. பதினாறு கும்புடுற வரைக்கும் அவரு எடத்தை யாரும் தொடக் கூடாதுன்னு தொழிலாளிங்க சொல்லிட்டாங்க."

அலீம் ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார். பிறகு அவள் மேஜை முன்னால் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டினார்.

"டிஸ்க் மொத்தம் நாப்பது மெகாபைட். ஃபைலை எல்லாம் கூட்டுனா இருபதுதான் வருது. மீதி இருபது..."

"எங்க பாய்?"

"இருக்கு. ஆனா பேரில்லாம இருக்கு!"

அவள் விழித்தாள்.

"யாரோ ஒரு ஃபைலை அழிச்சிருக்காங்கம்மா. வாசல்ல பேர்ப் பலகையைக் கழட்டுன மாதிரி. ஆனா ஒரு புரோகிராம் அந்த வீட்டுக்குள்ள இன்னும் குடியிருக்கு. அது காலி பண்ற வரைக்கும் மெஷின் அந்த எடத்தைத் தராது."

"எந்தப் புரோகிராம்?"

அலீம் மாலை போட்ட திரையைப் பார்த்தார்.

பாய்லர் அழுத்தத்தை நொடிக்கு ஒரு தரம் எழுதும் புரோகிராம். வாரா வாரம் விருமாண்டி அதை டேப்புக்கு மாற்றி டிஸ்க்கைக் காலி செய்வான். இப்போது மாற்ற ஆளில்லை.

"பாய்லரே இல்லையே பாய்... அது என்னத்த எழுதுது?"

"சைபர்." அலீம் மெல்லச் சொன்னார். "பதினஞ்சு நாளா சைபர்... சைபர்... சைபர். செத்தவருக்கு இன்னும் நாடி பிடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கும்மா."

செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. காசிமாயன்!

"என்னய்யா ஆராய்ச்சி? சுவிட்சை அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாப் போகுமாமே?"

"போகும் சார். அந்த ஃபைலும் சேந்து போயிரும்."

"போகட்டும்! நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. பாய்லர்க்காரன் தூங்கிட்டான்... அம்புட்டுதான் ரிப்போர்ட்டு!"

செல்லக்கிளி எழுந்து சுவிட்ச் பலகையை மறைத்து நின்றாள்.

"எங்கண்ணன் தூங்கலை! டீ குடிச்சிட்டு ஓடி வந்து, நின்னவாக்குல என்னமோ டைப் பண்ணுனாரு. 'வெளிய ஓடு பாப்பா'ன்னு கத்திட்டுப் பாய்லருக்குப் போனாரு. நான் பாத்தேன்!"

"தங்கச்சி சாட்சி செல்லாதும்மா."

"பதினாறு முடியிறதுக்கு முந்தி நீங்க அணைங்க சார் பாப்போம். கேட்ல நிக்கிற எண்ணூறு பேரையும் கூப்புடுறேன்!"

காசிமாயன் மாலையைப் பார்த்தார். "அரை மணி நேரம்!" என்று உறுமிவிட்டு வெளியேறினார்.

"இவருதான் அழிச்சிருக்காரு, பாய்! எடுத்துக் குடுங்க. அண்ணன் என்ன டைப் பண்ணுனாருன்னு எனக்குத் தெரியணும்."

"பேரு போனாலும் ஃபைலுக்கு நம்பர் ஒண்ணு இருக்கும்மா. அதை வச்சு டேப்புல எடுத்துருவேன்."

டேப் சுழன்றது. இருபது நிமிடம்...

வரிகள் ஓடின. அலீமின் முகம் வெளுத்தது!

"வேணாம்மா... பாக்காத."

அவள் அவரை விலக்கிக்கொண்டு குனிந்தாள்.

4.01: அழுத்தம் அதிகம். அபாய மணி.

4.01: மணி நிறுத்தப்பட்டது. இரண்டாம் மேஜை.

இரண்டாம் மேஜை... அவளுடையது!

சாயத் தொட்டிக்கு நீராவி திறக்கும்போதெல்லாம் அந்த மணி சும்மா அடிக்கும். நாளுக்கு இருபது முறை. 'அடிச்சா அமுக்கி விட்டுரு பாப்பா, நான் பாத்துக்கிறேன்' என்று விருமாண்டியே சொல்லிக் கொடுத்திருந்தான். அன்றைக்கு எத்தனை முறை அமுக்கினாள்? அவளுக்கே நினைவில்லை.

4.09: ஃபைலை அழி. முதலாம் மேஜை.

4.12: சைபர்.

"அழிச்சது..." அவள் அண்ணனின் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கண்ணன்தாம்மா. உம் மேஜை நம்பரைப் பாத்திருக்காரு. ஓடித் தப்பிக்க நேரமிருந்தும், மொதல்ல ஃபைல்லேர்ந்து உன்னை அழிச்சிட்டு... அப்புறம் பாய்லர் வால்வைத் திறக்கப் போயிருக்காரு. அழிக்கச் சொன்னதையும் அந்தப் புரோகிராம் எழுதி வச்சிரும்னு அவருக்குத் தெரியலை."

டேப் நின்ற சத்தம்.

"சுவிட்சை அணைச்சிடவா? டேப்பையும் அழிச்சிருவேன். அவரு நெனச்சதும் அதான். யாருக்கும் தெரியாது."

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"அவரு மகன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறான், பாய். 'தூங்குமூஞ்சி மகன்'னு கூப்புடுறாங்களாம்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு ஒன்பதுக்கு அவரு முழிச்சிருந்தாரு. அது இதுல இருக்குல்ல?"

"இருக்கு. நாலு ஒண்ணுக்கு உன்னோட நம்பரும் இருக்கே!"

"இருக்கட்டும். பிரிண்ட் போடுங்க. ரெண்டு காப்பி. ஒண்ணு இன்ஸ்பெக்டருக்கு, ஒண்ணு அவரு மகனுக்கு."

பிரிண்டர் கரகரவென்று ஓடியது. அந்தச் சத்தத்தில் அவள் அழுதது வெளியே கேட்கவில்லை.

அலீம் பையிலிருந்து சர்வீஸ் சீட்டை எடுத்தார். 'பழுதுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன பாய் எழுதப் போறீங்க?"

"'அண்ணன்'னுதான் எழுதணும். ஆனா அதுக்கு எங்க கம்பெனியில ஸ்பேர் பார்ட் கெடையாதேம்மா... 'டிஸ்க் ஃபுல்'னு போட்டுக்கிறேன்!"